ஐந்து பிணங்களும் இருநூறு கதைகளும்

அமெரிக்காவின் ட்ரென்டன் சிறையில் ஒரு கொலையாளியிடம் எடுத்த பேட்டியைப் பார்த்தவர்கள் ஒரு கதையை மட்டும் மறக்க மாட்டார்கள். நாற்காலி கொள்ளாத உடம்பு. ஆறடி நாலு அங்குலத்துக்குக் குறையாத உயரம், வழுக்கைத் தலை, நரைத்த தாடி. குரலோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றைக்கு மழை வருமா என்று பேசுவதுபோல அத்தனை சாவகாசம். ஒருவனைக் கொல்லப் போனேன், அவன் கடவுளே கடவுளே என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான் என்கிறான். சரி, அரை மணி நேரம் தருகிறேன், கும்பிட்டுக்கொள், கடவுள் இறங்கி வந்து நிலைமையை மாற்றினால் மாற்றட்டும் என்று சொன்னானாம். கடவுள் வரவில்லை. அவ்வளவுதான் கதை. அப்புறம், அது ஒன்றை மட்டும் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சேர்த்துக்கொள்கிறான். கொன்றதற்கு வருத்தமில்லை. கொன்ற விதத்துக்குத்தான்.

முதல்முறை கேட்கும்போது முதுகு சில்லிடும். எனக்கும் அப்படித்தான். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் வேறொன்று உறைத்தது. கொல்லப்பட்டதாகச் சொல்லும் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. ஊர் இல்லை, வருஷம் இல்லை, பிணமும் இல்லை.

பேசியவன் ரிச்சர்ட் குக்லின்ஸ்கி. 1935-ல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் பிறந்தவன். 'ஐஸ்மேன்' என்ற பட்டப்பெயரோடு அமெரிக்கக் குற்ற வரலாற்றில் நிற்பவன். ஹெச்பிஓ தொலைக்காட்சி அவனோடு சிறையில் பேசி 1992, 2001, 2003 ஆண்டுகளில் மூன்று ஆவணப்படங்களை ஒளிபரப்பியது. பகலில் பாசமான அப்பா, இரவில் மாஃபியாவின் கூலிக்கொலையாளி என்று அவனைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்தப் பேட்டிகளிலிருந்து வந்தது. அதாவது, அவன் வாயிலிருந்து வந்தது. நீதிமன்ற ஆவணங்களை ஒரு பக்கமும் பேட்டிகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள் தெரிகிறார்கள். அந்த இடைவெளிதான் இந்த வழக்கில் என்னை இழுத்தது.

பெயர் உள்ள பிணங்கள்

முதலில் பெயரும் தேதியும் உள்ளவர்களைப் பார்ப்போம்.

ஜார்ஜ் மாலிபாண்ட், கள்ள வீடியோ டேப் வியாபாரத்தில் குக்லின்ஸ்கியின் கூட்டாளி. 1980 பிப்ரவரியில் ஜெர்சி சிட்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 55 காலன் இரும்பு டிரம் ஒன்றுக்குள் கிடைத்தார். உடம்பில் ஐந்து குண்டுகள். கனத்த சரீரம் என்பதால் காலின் தசைநாரை அறுத்துத்தான் உள்ளே திணிக்க முடிந்திருந்தது.

லூயிஸ் மாஸ்கே, பென்சில்வேனியாவில் கடை வைத்திருந்தவர். 1981 ஜூலை 1 அன்று, மலிவு விலையில் வெற்று வீடியோ கேசட் வாங்குவதற்காகச் சுமார் 95,000 டாலர் ரொக்கத்தோடு வேனில் கிளம்பினார். திரும்பவில்லை. பால் ஹாஃப்மன், மருந்துக்கடைக்காரர். அல்சர் மாத்திரை டாகாமெட் கள்ளச் சந்தையில் கிடைக்கும் என்ற ஆசையில் 1982 ஏப்ரல் 29 அன்று பெரும் ரொக்கத்தோடு போனவர். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. டிரம்மில் அடைத்து ஒரு சாப்பாட்டுக் கடை அருகே வைத்தேன், அங்கேயே போய்ச் சாப்பிட்டுக்கொண்டு டிரம் இருக்கிறதா என்று பார்ப்பேன், ஒருநாள் காணவில்லை என்று குக்லின்ஸ்கி பின்னாளில் சொன்னான். இது உண்மையாக இருக்கலாம். அவன் டிரம் பயன்படுத்துபவன் என்பதற்காவது மாலிபாண்ட் சாட்சி.

அடுத்த இருவர் அவனுடைய திருட்டுக் கும்பலைச் சேர்ந்தவர்கள். வீடு புகுந்து திருடும் இந்தக் கும்பலை மாநிலப் போலீஸ் துப்பறிவாளர் பேட் கேன் துரத்திக்கொண்டிருந்தார். 1982 டிசம்பரில் கும்பலின் மேஸ்திரி போன்ற ஆள் சிக்கினான். கேரி ஸ்மித், டேனியல் டெப்னர் இருவருக்கும் பிடிவாரண்ட். குக்லின்ஸ்கி இருவரையும் மோட்டல்களில் ஒளித்து வைத்தான். அடைக்கலம் கொடுத்தது அன்பினால் இல்லை. அவர்கள் வாய் திறந்தால் அடுத்த பெயர் இவனுடையது.

நார்த் பெர்கனில் யார்க் மோட்டல். சயனைடு தூவிய ஹாம்பர்கர் ஸ்மித்துக்குப் போனது. ஆள் சாகத் தாமதமானதால் மேசை விளக்கின் ஒயரைக் கழுத்தில் சுற்றி இறுக்கினார்கள். பிணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரம். மோட்டல்காரர் அந்த அறையை அடுத்தடுத்து வாடகைக்கு விட்டார். நாலு நாள் கழித்து, டிசம்பர் 27 அன்று நாற்றம் காட்டிக்கொடுத்தது. அதுவரை அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஸ்மித்தைக் கொன்றபோது உடன் இருந்த டெப்னரும் அதிக நாள் பிழைக்கவில்லை. 1983 மே மாதம் வெஸ்ட் மில்ஃபோர்ட் அருகே காட்டுச் சாலையில் சைக்கிளில் போன ஒருவர் கழுகு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். குப்பைப் பைகளில் சுற்றிய டெப்னரின் உடல் அங்கே கிடந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று நியூயார்க் மாநிலம் ராக்லண்ட் கவுண்டியில், மலைப்பூங்கா ஒன்றின் அருகே அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய இன்னொரு உடல். பார்வைக்குச் செத்துச் சில வாரம் ஆனதுபோல இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த ஃப்ரெடரிக் சுகிபேவுக்கு ஒன்று இடித்தது. பிணம் பொதுவாக உள்ளிருந்து, குடல் பக்கத்திலிருந்து அழுகும். இதுவோ வெளியிலிருந்து உள்ளே அழுகியிருந்தது. உள்ளே திசுக்களில் பனிப்படிகத்தின் தடம். கடையில் வாங்கிய உறைந்த இறைச்சியை வெளியே எடுத்து வைத்தால் மேலே இளகி நடுவில் கட்டியாக நிற்கும் இல்லையா, அதே கதை. அடையாளம் தெரிந்தபோது அது லூயிஸ் மாஸ்கே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியபோது போட்டிருந்த அதே உடை.

செத்த நேரத்தைக் குழப்பத்தான் உறைய வைத்தான். முழுசாக இளகும் வரை பொறுக்காததால் மாட்டினான். பத்திரிகைகள் ஐஸ்மேன் என்று கொண்டாடிய பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு சொதப்பல்தான். சில்லிட்ட ரத்தம், உறைந்த இதயம் என்றெல்லாம் அதற்குப் பின்னால் ஏற்றிய விளக்கங்கள் பிற்சேர்க்கை.

இந்த ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவரைக்கூட முன்பின் தெரியாதவன் என்று சொல்ல முடியாது. யாரும் இவனிடம் பணம் கொடுத்து இவர்களைக் கொல்லச் சொன்னதாக வழக்கில் நிரூபிக்கப்படவும் இல்லை. மூவர் சரக்கு வாங்க ரொக்கத்தோடு வந்தவர்கள் அல்லது வியாபாரத்தில் கூட இருந்தவர்கள். இருவர் உண்மை தெரிந்த கையாட்கள். நம் செய்தித்தாள்களில் வரும் 'கூலிப்படை' என்ற சொல்லுக்கு இந்த வழக்கில் இடமே இல்லை. நம்ப வைத்து வரவழைத்து, பணத்தைப் பிடுங்கி, சாட்சியை அழிக்கும் மோசடிக்காரன். மோசடியின் கடைசிப் படி கொலை. இவ்வளவுதான் நீதிமன்றத்தில் நின்றது. பேட் கேன் இவனை நெருங்கியதும் இப்படித்தான். காணாமல் போன ஒவ்வொருவரும் கடைசியாகச் சந்திக்கக் கிளம்பியது யாரை என்று கேட்டால் ஒரே பெயர் வந்தது.

டோனட் கடையில் பேசியது

கேன் பல வருஷம் தனியாகவே இந்தப் பெயரைச் சுமந்தார். கடைசியில் 1980-களின் நடுவில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் ஏடிஎஃப் என்ற கூட்டாட்சித் துறையும் சேர்ந்து வலை விரித்தன. டொமினிக் பாலிஃப்ரோன் என்ற ஏடிஎஃப் அதிகாரி மாஃபியா ஆள் வேஷத்தில், ப்ரோவென்சானோ என்ற பெயரில், பேட்டர்சன் நகரில் குக்லின்ஸ்கி வந்துபோகும் இடத்தில் சுற்றத் தொடங்கினார். மீன் உடனே கடிக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, 1986 செப்டம்பர் 2 அன்று ஒரு டோனட் கடையில் முதல் சந்திப்பு.

குக்லின்ஸ்கிக்குத் தேவைப்பட்டது சயனைடு. அதைக் கொடுத்துவந்த பழைய ஆள், ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிய ராபர்ட் ப்ரோங்கே, 1984-லேயே தன் வண்டிக்குள் சுடப்பட்டுக் கிடந்தான். என்னால் கிடைக்கும் என்றார் பாலிஃப்ரோன். உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி.

அதன்பின் வந்த சந்திப்புகளில் குக்லின்ஸ்கி பேசிய தொனி சிறைப் பேட்டியின் தொனிதான். நிதானம், கொஞ்சம் பெருமை. ஆனால் பேசிய விஷயம் வேறு மாதிரி. ஒரு பிணத்தை இரண்டரை வருஷம் ஃப்ரீஸரில் வைத்திருந்து வெளியே போட்டது, ஹாம்பர்கரில் விஷம் வைத்தும் ஆள் லேசில் சாகாதது. சரக்கு விற்க வந்தவனிடம் தன் அனுபவத்தைக் காட்டும் வியாபாரப் பேச்சு. அதிலும் ஜம்பம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பிணவறையில் ஒரு பிணம் இருந்தது, அதன்மேல் அந்த அடையாளம் இருந்தது.

பாலிஃப்ரோன் ஒரு பணக்காரப் பையனைக் கொல்லும் திட்டத்தைப் போட்டுக் கொடுத்தார். முட்டை சாண்ட்விச்சில் சயனைடு வைப்பது என்று முடிவாயிற்று. 1986 டிசம்பர் 17 காலை, நியூ ஜெர்சி டர்ன்பைக் சாலையின் வின்ஸ் லொம்பார்டி ஓய்விடத்தில் சாண்ட்விச் பொட்டலமும் போலி சயனைடும் கைமாறின. கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு மணி நேரத்துக்குள் டுமான்ட் ஊரில் அவன் வீட்டருகே சாலையை மறித்துப் பிடித்தார்கள். காரில் மனைவி பார்பரா இருந்தாள். காரில் துப்பாக்கி இருந்ததால் அவள் மேலும் வழக்கு விழுந்தது.

1988-ல் ஹாக்கென்சாக் நீதிமன்றத்தில் விசாரணை. அரசுத் தரப்பில் ராபர்ட் கேரல். மார்ச் மாதம் ஜூரி ஸ்மித், டெப்னர் கொலைகளில் குற்றவாளி என்றது. அவன் கைப்படக் கொன்றதைப் பார்த்த சாட்சி இல்லாததால் மரண தண்டனைக்கு இடமில்லாமல் போயிற்று. மே மாதம் மாலிபாண்ட், மாஸ்கே கொலைகளை அவனே ஒப்புக்கொண்டான். உடல் கிடைக்காத ஹாஃப்மன் கொலைக்கு மட்டும் தண்டனை இல்லை. அந்தப் பேரத்தில் மனைவி மீதான துப்பாக்கி வழக்கு கைவிடப்பட்டது. தண்டனை ஒன்றன்பின் ஒன்றாக ஆயுள். பரோல் கேட்கவே 111 வயது ஆக வேண்டும்.

டுமான்ட் வீடு

இரட்டை வாழ்க்கை என்று எல்லோரும் சொல்வது இந்த வீட்டைத்தான். அமைதியான புறநகர். 1961-ல் கல்யாணம், மூன்று பிள்ளைகள், கத்தோலிக்கத் தனியார் பள்ளி, கோடையில் பின்கட்டில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் விருந்து. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒருவனைக் கொன்றுவிட்டு வந்து, பிள்ளைகளின் பொம்மைகளை உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தேன் என்று அவனே பேட்டியில் சொல்கிறான். குடும்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் அழுகிறான். செய்த எதற்கும் நான் வருந்தியதில்லை, என் குடும்பத்தை நோகடித்ததைத் தவிர என்கிறான். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னது வேறு. கல்யாணத்துக்கு முன்பே, பிரிந்துபோகலாம் என்று பார்பரா வாய் திறந்தபோது முதுகில் கத்தியைப் பாய்ச்சினானாம். ஆழமாக இல்லை; நீ என்னுடையவள் என்று உணர்த்தும் அளவுக்கு. பிறகு மூக்கு உடைந்தது, கழுத்து நெரிபட்டது. ஒரே வீட்டில் இரண்டு ரிச்சர்டோடு குடித்தனம் நடத்தினேன், எந்த ரிச்சர்ட் கதவைத் திறந்து வருவான் என்று தெரியாது என்பது அவள் சொன்னதன் சாரம். மகள் ஒருத்தியிடம், கோபத்தில் உன் அம்மாவைக் கொன்றுவிட்டால் உங்களையும் கொல்ல வேண்டி வரும், சாட்சி வைக்க முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறான்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மோட்டல் அறையோடு சேர்த்து வாசியுங்கள். ஸ்மித்தைக் கொன்றது ஏன்? சாட்சி. டெப்னரை? சாட்சி. வீட்டிலும் அதே கணக்கு.

இன்னொன்று. டெப்னர் செத்தது குக்லின்ஸ்கியின் மகளுடைய அன்றைய காதலனின் வாடகை வீட்டில். பொட்டலத்தைத் தூக்கிப் போய்க் காட்டோரம் போட அந்த இளைஞனையே கூட்டிப் போனான். கம்பளத்தின் ரத்தக்கறை பின்னால் சாட்சியமாயிற்று. அந்த இளைஞனும் கூண்டேறிச் சொன்னான். வீடு வேறு தொழில் வேறு என்று பிரித்து வைத்தவன் செய்கிற காரியமா இது? மகள் விரும்பிய பையனின் வீட்டுத் தரைவிரிப்பு வரை தொழில் வந்துவிட்டது. இரண்டு வாழ்க்கை என்பது டுமான்ட் அண்டை வீட்டுக்காரர்கள் பார்த்தது. உள்ளே ஒரு வாழ்க்கைதான் நடந்திருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் பேட்டியில் அவன் விற்றது இரண்டு வாழ்க்கைக் கதையை. அதில் அவனுக்கு லாபம் உண்டு. ஒரு பக்கம் மிருகமாகவே இருந்தாலும் இன்னொரு பக்கம் நல்ல அப்பா மிஞ்சுகிறான்.

எண்ணிக்கை ஏறிய கதை

1992 படத்தில் கொலைக் கணக்கு நூறைத் தாண்டியது என்றான். பின்னால் வந்த பேட்டிகளிலும் புத்தகத்திலும் இருநூறு. கேமரா திரும்பத் திரும்ப வர, கணக்கும் ஏறியது. பதின்வயதில் தன்னைத் துன்புறுத்திய பையனை, அலமாரியில் துணி மாட்டும் தடியால் அடித்தே கொன்றானாம். அம்பு எய்யும் கருவியைச் சோதித்துப் பார்க்க, வழிகேட்பதுபோல் ஒருவனை நிறுத்தி நெற்றியில் எய்தானாம். குகையில் கட்டிப்போட்டு எலிக்குத் தின்னக் கொடுத்தானாம். எதற்கும் ஆள் பெயரும் உடலும் ஒத்துவரவில்லை.

பெரிய பெயர்கள் வரும்போது சிக்கல் இன்னும் வெளிப்படை. 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே மாயமான தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபாவைக் கொன்று, உடலை நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து புதைத்து, பிறகு பழைய காரோடு நசுக்கி ஜப்பானுக்கு இரும்பாக ஏற்றிவிட்டதாகச் சொன்னான். நியூ ஜெர்சியில் மாஃபியா வழக்குகளைப் பார்த்த முன்னாள் அதிகாரி ராபர்ட் புச்சினோவிடம் இதைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு பெரிய ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிணத்தை இத்தனை தூரம் ஓட்டி வந்தார்களா என்று கேட்டார். 1979-ல் புரூக்ளின் உணவகத்தில் சுடப்பட்ட கார்மைன் கலான்டே கொலையிலும் நான் உண்டு என்றான். அந்தக் கொலைக்குத் தண்டனை பெற்றவன் வேறொருவன். 1985 டிசம்பரில் மன்ஹாட்டனில் மாஃபியா தலைவர் பால் காஸ்டெல்லானோவோடு அவர் ஓட்டுநரும் சுடப்பட்டார்; ஓட்டுநரைச் சுட்டது நான்தான் என்றான். அந்தக் கொலையைத் திட்டமிட்ட கூட்டத்தில் இருந்த சாமி கிரவானோ அரசுத் தரப்புச் சாட்சியாகிச் சுட்டவர்களின் பெயரை அடுக்கினார். அந்தப் பட்டியலில் குக்லின்ஸ்கி இல்லை.

சிறைக்குள் இருப்பவன் ஏன் இல்லாத கொலையைச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இன்னும் இரண்டு பேரைப் பார்த்தால் பதில் புரியும். டெக்சாஸில் 1983-ல் பிடிபட்ட ஹென்றி லீ லூகாஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். ஊர் ஊராகப் போலீஸ்காரர்கள் வந்து தங்கள் பழைய கோப்புகளை அவன் தலையில் கட்டி மூடினார்கள். பல கொலைகள் நடந்த நாளில் அவன் வேறு மாநிலத்தில் இருந்தான் என்று 1986-ல் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் அறிக்கை கிழித்தது. அவன் மரண தண்டனையை 1998-ல் குறைத்தவர், தண்டனைக் குறைப்புக்குப் பேர்போகாத ஆளுநர் ஜார்ஜ் புஷ். சுவீடனில் ஸ்டூரே பெர்க்வால் மனநல மருத்துவமனையில் இருந்தபடி முப்பதுக்கு மேற்பட்ட கொலைகளைச் சொன்னான். எட்டில் தண்டனையே விதித்தார்கள். 2013-க்குள் எட்டும் உதிர்ந்தன. இருவருக்கும் கிடைத்தது ஒன்றுதான். அறையில் எல்லோரும் நம் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருப்பது.

குக்லின்ஸ்கி பெர்க்வாலைப் போல முழுப் பொய்யன் இல்லை. அவன் கொலைகாரன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால்தான் அவன் கதை இன்னும் நம்பும்படி இருக்கிறது. ஐந்து உண்மை கையில் இருந்தால் மீதி நூற்றுத் தொண்ணூற்றைந்தை அதன் மேல் ஏற்றிவிடலாம். 111 வயது வரை உள்ளே இருக்கவேண்டியவனுக்கு இன்னொரு கொலையை ஒப்புக்கொள்வதால் போவது எதுவுமில்லை. கள்ள டேப் விற்று, சில்லறை ரொக்கத்துக்காக நண்பனைக் கொன்றவன் என்று இருப்பதைவிட, மாஃபியாக் குடும்பங்கள் வரிசையில் நின்று தேடி வந்த ஆள் என்று இருப்பது அவனுக்கே கௌரவமாகப் பட்டிருக்கும். பேட்டி எடுத்தவர்களுக்கும் அந்த ஆள்தான் வேண்டும். டாகாமெட் மாத்திரைக்கு யார் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள்?

மருத்துவர் எதிரே

மூன்று படங்களில் நான் மதிப்பது கடைசியானதை. எதிரே உட்கார்ந்தவர் பார்க் டீட்ஸ், குற்றவியல் மனநல மருத்துவர், அதிபர் ரேகனைச் சுட்ட ஹிங்க்ளி, தொடர்கொலையாளி ஜெஃப்ரி டாமர் வழக்குகளில் சாட்சி சொன்னவர். அவர் வாய் பிளக்கவில்லை. ரத்தக் கதை வரும்போது, சரி, அப்போது உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டுவிட்டு நகர்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்த போலிஷ் அப்பா, பெல்ட்டும் கையும். அண்ணன் ஃப்ளோரியன் சிறுவயதில் செத்தது அப்பாவின் அடியால்தான், படியில் விழுந்தான் என்று சொல்லி மறைத்தார்கள் என்று குக்லின்ஸ்கி சொல்வது உண்டு. தம்பி ஜோசப் ஒரு சிறுமியைக் கொன்ற வழக்கில் 1970-ல் தண்டனை பெற்று அதே ட்ரென்டன் சிறைக்குப் போனவன். தம்பியைப் பற்றி ஒருமுறை கேட்டபோது குக்லின்ஸ்கி சொன்னது: "நாங்கள் இரண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள்."

ஒரு கட்டத்தில் டீட்ஸின் பேச்சு அவனைச் சுருக்கென்று தைக்கிறது. கண் மாறுகிறது. ஆயிரம் கொலைக் கதை சொன்னபோது வராத உண்மை அந்தச் சில நொடிகளில் முகத்தில் வருகிறது. டீட்ஸ் பயந்து பேச்சை மாற்றாமல், இப்போது உனக்குக் கோபம் வந்தது, எது கிளறியது என்று அதையே எடுத்து மேசைமேல் வைக்கிறார். கடைசியில் நோயாளிக்குச் சொல்வதுபோல இரண்டு பெயர் சொல்கிறார். சமூக விரோத ஆளுமைக் கோளாறு ஒன்று, எல்லோரையும் சந்தேகிக்கும் ஆளுமைக் கோளாறு இன்னொன்று. பயம் குறைவாகப் பிறந்த சுபாவம், அதன்மேல் அடியும் அவமானமுமாக வளர்ந்த வளர்ப்பு. குக்லின்ஸ்கி தலையாட்டிக் கேட்கிறான். நான் ஏன் இப்படி ஆனேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவனிடம் நிஜமாகவே இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பேட்டியில் பிணங்களின் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை.

ஐந்தாவது தண்டனை வந்தது பேட்டி வழியாகத்தான். 1980 மார்ச் 14 அன்று பனி கொட்டிய இரவில் நியூ ஜெர்சியின் சேடில் ரிவரில், பீட்டர் கலாப்ரோ என்ற நியூயார்க் துப்பறிவாளர் தன் காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல வருஷம் துப்புத் துலங்காத வழக்கு. அதைச் செய்தது நான் என்று கேமரா முன் சொன்னான். செய்யச் சொன்னது கிரவானோ என்றான். 2003-ல் நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டு முப்பது ஆண்டு கூடுதலாக வாங்கிக்கொண்டான். கிரவானோ மறுத்தார். தண்டனை வாங்கிய ஐந்து கொலைகளில் இது ஒன்றுக்குத்தான் கூலிக்கொலையின் சாயல் உண்டு, அதுவும் அவன் சொல்லை நம்பினால்.

கிரவானோ மீதான வழக்கு விசாரணைக்கு வரும்முன், 2006 மார்ச் 5 அன்று, ட்ரென்டனில் ஒரு மருத்துவமனையில் எழுபது வயதில் குக்லின்ஸ்கி செத்தான். விஷம் வைத்துவிட்டார்களா என்று பேச்சு கிளம்பியது. ஆய்ந்து பார்த்த மைக்கேல் பேடன் இயற்கையான சாவுதான் என்றார். பேடன் 1988 விசாரணையில் இவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். சில நாளில், ஆதாரம் போதாது என்று கிரவானோ மீதான வழக்கு கைவிடப்பட்டது. சொன்னவன் போனதும் வழக்கும் போயிற்று.

இதயம் நின்றால் எப்படியாவது உயிர்ப்பியுங்கள் என்று அவன் மருத்துவர்களிடம் கேட்டு வைத்திருந்தான். பார்பராவோ அவனை 1993-லேயே விவாகரத்து செய்திருந்தாள். இருந்தும், உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போடும் உரிமை அவளிடம் இருந்தது. போட்டிருந்தாள். அவன் சாவதற்கு ஒரு வாரம் முன்பு மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. முடிவை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள்.